பெலாமியின் கையெழுத்து: ஏஐ ஓவியம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கில், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் அச்சுப் படைப்புகள் விற்பனையில் ஒரு படம் ஏலத்துக்கு வந்தது. எழுபது சென்டிமீட்டர் நீளம், அதே அகலம். கேன்வாஸில் அச்சிட்டு, தங்கப் பூச்சுள்ள மரச்சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, சற்றுப் பருத்த உடல். பார்த்தால் பழங்காலப் பாதிரியார் போலத் தோன்றும் ஒரு மனிதர். முகம் மட்டும் தெளியவில்லை. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டது போல ஒரு கலங்கல். ஓரங்களில் கேன்வாஸ் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. ‘எட்மண்ட் தெ பெலாமியின் உருவப்படம்’ என்று பெயர்.

எதிர்பார்த்த விலை 7,000 முதல் 10,000 டாலர். கட்டணம் எல்லாம் சேர்த்துப் போன விலை 4,32,500 டாலர். மேல் மதிப்பீட்டைப் போல 43 மடங்கு. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை.

வலது கீழ் மூலையில், ஓவியர் வழக்கமாகப் பெயர் எழுதும் இடத்தில், ஒரு கணிதச் சூத்திரம் இருந்தது. செயற்கை நுண்ணறிவால் செய்த படைப்பு அசலாக இருக்க முடியுமா, அதைச் சேகரிக்கலாமா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூலைதான் நினைவுக்கு வருகிறது. இந்த இரண்டையும் ஒரே கேள்வி போலக் கேட்பது பழகிப்போய்விட்டது. பெலாமியின் கதையை அடியிலிருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு என்பது விளங்கும். விலை ஒரு பக்கம் ஏறியது. அசல் என்பதற்கான ஆதாரம் வேறொரு பக்கம் கிடந்தது.

படம் எப்படி உருவானது

இதைச் செய்தவர்கள் பாரிஸைச் சேர்ந்த ‘ஆப்வியஸ்’ என்ற மூவர் குழு: ஹியூகோ காஸெல்-துப்ரே, பியர் ஃபோத்ரெல், கோத்தியே வெர்னியே. ஹியூகோ இயந்திரக் கற்றலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். மூவரும் 14ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான சுமார் 15,000 உருவப்படங்களைத் திரட்டி ஒரு மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அந்த மென்பொருள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையெழுத்தே அதுதான். உள்ளே இரண்டு நியூரல் நெட்வொர்க்குகள், அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்கள், இருக்கும். ஒன்று படம் செய்யும். இன்னொன்று, தன்னிடம் வரும் படம் உண்மையான தொகுப்பிலிருந்து வந்ததா, முதலாவது செய்து அனுப்பியதா என்று கண்டுபிடிக்கப் பார்க்கும். பிடிபடும்போதெல்லாம் முதலாவது தன்னைத் திருத்திக்கொள்ளும். ஏமாறும்போதெல்லாம் இரண்டாவது திருத்திக்கொள்ளும். இந்த இழுபறி லட்சக்கணக்கான முறை நடந்த பிறகு, யாரும் வரையாத முகங்கள் வரத் தொடங்கும். இந்த முறையை 2014இல் முன்வைத்தவர் இயன் குட்ஃபெல்லோ. அவருடைய பெயரைப் பிரித்தால் ‘நல்ல தோழன்’. அதைப் பிரெஞ்சில் சொன்னால் ‘பெல் அமி’. பெலாமி குடும்பம் என்று பதினொரு படங்களுக்கு ஒரு கற்பனை வம்சமே உண்டாக்கி, அந்த விஞ்ஞானிக்கு மரியாதை செய்தார்கள். மூலையில் இருந்த சூத்திரம் இந்த இழுபறியைக் கணிதத்தில் எழுதியது.

ஏலப் பட்டியலில் ஒரு சின்ன விவரம் இருந்தது. பலர் அதைக் கவனிக்கவில்லை. சூத்திரம் அச்சில் வந்ததல்ல. மையால் எழுதப்பட்டது என்றும், அதை எழுதியவர் ‘பதிப்பாளர்’ என்றும் பட்டியல் சொன்னது. ஆக, ஒரு மனிதர் பேனாவை எடுத்து, தன் பெயரை எழுதாமல், சூத்திரத்தை எழுதியிருக்கிறார். பார்ப்பவர்களுக்கு அது இயந்திரத்தின் கையெழுத்து. எழுதியது மனிதக் கை.

விடுபட்ட பெயர்

ஏலத்துக்கு முன்பே, ஏஐ கருவிகளோடு வேலை செய்துவந்த கலைஞர்களுக்குள் முணுமுணுப்பு எழுந்துவிட்டது. ராபி பாராட் என்ற 19 வயது இளைஞர், பழைய ஓவியங்களைத் திரட்டிப் பயிற்சி கொடுப்பதற்கான நிரலையும், தான் பயிற்சி கொடுத்து முடித்த மாதிரிகளையும் (படங்களைப் பார்த்துக் கற்று, புதுப் படம் தரும் மென்பொருள்கள்), நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார். ஆப்வியஸ் குழு அதைத்தான் பயன்படுத்தியது. தன் மாதிரி முன்பே தந்த முகங்களையும் பெலாமி குடும்பத்தின் முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் காட்டியபோது, ஒற்றுமையை யாரும் மறுக்க முடியவில்லை. நிரலில் தாங்கள் மாற்றியது பெரிய பங்கு இல்லை என்று குழுவும் பத்திரிகைகளிடம் ஒப்புக்கொண்டது. பாராட்டின் பங்கையும் ஏற்று நன்றி சொன்னார்கள்.

பாராட்டின் நிரலும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சௌமித் சிந்தாலா எழுதி வெளியிட்டிருந்த நிரலின் மேல் கட்டியது அது. அதற்கு அடியில் குட்ஃபெல்லோவின் முறை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த 15,000 படங்களை வரைந்தவர்கள். இப்படிக் கை மேல் கை வைத்துத்தான் எட்மண்ட் வந்து சேர்ந்தார்.

இதில் திருட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. திறந்து வைத்த நிரலை எடுப்பது குற்றமில்லை. திறந்து வைப்பதே எடுக்கத்தான். படத்தைத் தேர்ந்தெடுத்தது, அச்சிட்டது, சட்டம் போட்டது, ஒரு குடும்பக் கதை புனைந்தது எல்லாம் மூவரின் வேலைதான். எனக்கு உறுத்துவது வேறு. படைப்பாற்றல் மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்பதை முழக்கமாக வைத்து, இயந்திரமே வரைந்தது என்ற கதையைத்தான் அவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். அந்தக் கதை நிற்க வேண்டுமென்றால் நடுவில் இருந்த மனிதர்கள் மறைய வேண்டும். மறைந்தார்கள். முதலில் பாராட் மறைந்தார். யோசித்துப் பார்த்தால், தேர்ந்தெடுத்த அந்த மூவரும்கூட மறைந்துபோனார்கள்.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை என்பதற்கு ஆதாரமும் உண்டு. ஸிவ் எப்ஸ்டைன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதே பெலாமி விற்பனையை எடுத்துக்கொண்டு 2020இல் ‘ஐசயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏஐயை ஒரு மனிதரைப் போல வர்ணித்துச் சொன்னால், அதைப் பயன்படுத்திய கலைஞருக்கு மக்கள் கொடுக்கும் பங்கு குறைகிறது என்று கண்டார்கள். அதாவது நாம் பேசும் விதமே புகழை இடம் மாற்றிவிடுகிறது. ‘ஏஐ வரைந்தது’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது ஒரு பெயரை அழிக்கிறோம்.

அப்புறம் அந்தச் சூத்திரம். கையெழுத்தின் வேலை என்ன? ஆயிரம் கைகளுக்கு நடுவில் ஒரு கையைச் சுட்டிக்காட்டுவது. இந்தச் சூத்திரமோ அந்த முறையில் உலகில் எங்கே யார் எந்தப் படம் செய்தாலும் பொருந்தும். பூனைப்படம் செய்தவருக்கும் பொருந்தும், பூப்படம் செய்தவருக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துகிற கையெழுத்து யாரையும் சுட்டாது. அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்தாக அது தோற்றுப்போகிறது.

மூன்று மாதங்களுக்கு முன்

இந்த நிகழ்வை ஆராயும்போது என்னை அதிகம் பாதித்த பகுதி இதுதான்.

2018 ஜூலையில், அதே கிறிஸ்டீஸ் லண்டனில் தொழில்நுட்ப மாநாடு ஒன்றை நடத்தியது. வந்தவர்களுக்குக் கொடுத்த பைகளில் சின்ன அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு அட்டையிலும், ஏஐயால் உருவான ஒரு நிர்வாண உருவப்படத்தின் தனித்தனிச் சட்டகம் (ஃப்ரேம்) ஒன்றுக்கு உரிய டிஜிட்டல் டோக்கனை, அதாவது உரிமையைக் காட்டும் மின்பதிவை, பெறும் குறியீடு. மொத்தம் 300 சட்டகங்கள். ‘சூப்பர்ரேர்’ என்ற டிஜிட்டல் கலைத் தளம் வழியாகப் பெற்றுக்கொள்ளலாம். கலைஞர்: ராபி பாராட்.

பெற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலர். மீதி அட்டைகள் குப்பைக்கோ, மறந்துபோன கோட்டுப் பைக்கோ போயின. சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘காணாமல் போன ராபிகள்’ என்று பெயர் வைத்தார்கள். 2022 மார்ச்சில், தப்பிப் பிழைத்தவற்றுள் 64ஆம் சட்டகம் லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது.

இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஜூலையில், தானே பயிற்சி கொடுத்து, தன் பெயரிலேயே ஒருவர் கொடுத்த படைப்பு இலவசமாகக் கையில் வந்தபோது, கலைச் சந்தையின் ஆட்கள் நிறைந்த ஓர் அரங்கில் பெரும்பாலோருக்கு அது பொருட்டாகவே படவில்லை. அக்டோபரில், அவருடைய நிரலிலிருந்து வேறொருவர் எடுத்த முகம், தங்கச்சட்டமும் இயந்திரக் கதையும் சேர்ந்து, லட்சக்கணக்கான டாலருக்குப் போனது. சந்தைக்கு அசலை அடையாளம் காணத் தெரியும் என்று நம்புகிறவர்கள் இந்த மூன்று மாத இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

2022இன் விலைக்கும் நான் அதிகம் மயங்கவில்லை. டோக்கன் சந்தை சூடாக இருந்த காலம் அது. அபூர்வம் என்பதும் பெரும்பாலும் தொலைந்ததால் வந்த அபூர்வம். ஆனால் ஒன்று உறுதி. அந்தச் சட்டகத்தை வாங்கியவரிடம் யார் செய்தது என்று கேட்டால் தயங்காமல் ஒரு பெயர் சொல்லலாம்.

அசல் என்றால் எது

சரி, கருவி வரைந்தது எப்படி அசலாகும்? இந்தக் கேள்வி ஏஐயோடு பிறந்ததல்ல. 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு புகைப்பட வழக்கு வந்தது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் புகைப்படக்காரர் நெப்போலியன் சரோனி எடுத்த படம். கேமரா என்னும் இயந்திரம் எடுத்ததற்கு யார் ஆசிரியர் என்று எதிர்த்தரப்பு கேட்டது. வைல்டை உட்கார வைத்த விதம், உடை, திரை, வெளிச்சம் எல்லாம் சரோனியின் மனத்தில் பிறந்தவை என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பொத்தானை அழுத்தியதை யாரும் எண்ணவில்லை. முடிவுகளை எண்ணினார்கள்.

கையே படாமல் அசலாக இருக்க முடியும் என்பதையும் கலை உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்கக் கலைஞர் சால் லூவிட்டின் சுவர் ஓவியங்களை வரைபவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். சேகரிப்பாளர் வாங்குவது ஒரு சான்றிதழும், எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பும். சுவரை வெள்ளையடித்துவிட்டு வேறு ஊரில் மறுபடி வரைந்தாலும் அது லூவிட்தான். சான்றிதழ் இல்லாவிட்டால் எவ்வளவு கச்சிதமாக வரைந்தாலும் லூவிட் இல்லை.

ஏஐ பக்கமே வந்தாலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஹரால்ட் கோஹன் 1966இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் இடம்பெற்ற ஓவியர். 1970களின் தொடக்கத்தில் ‘ஆரன்’ என்ற வரையும் நிரலை எழுதத் தொடங்கி, 2016இல் இறக்கும் வரை அதோடேயே வாழ்ந்தார். விதிகள் அவர் எழுதியவை. முதல் கட்டத்தில் நிரல் கோடு போட, வண்ணத்தை அவரே தீட்டினார். பிறகு வண்ணமும் நிரலுக்குக் கைவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கேள்வியை விடாமல் துரத்திய வாழ்க்கை அது.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் கலைஞர் அன்னா ரிட்லர். பெலாமி ஏலம் போன அதே 2018இல், நெதர்லாந்தில் ஒரு டூலிப் பருவம் முழுவதும் பூக்களை வாங்கி வாங்கிப் படம் எடுத்தார். 10,000 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நிறம், வகை, மொட்டா மலர்ந்ததா, கோடு உண்டா என்று கையால் எழுதினார். எழுதும்போது எத்தனையோ இடத்தில் முடிவு எடுக்க வேண்டியிருந்திருக்கும்: இது வெள்ளையா, வெளிர் மஞ்சளா? ஆரஞ்சா, சிவப்பா? அந்தத் தயக்கங்கள் எல்லாம் தொகுப்புக்குள் போயின. பிறகு அந்தப் படங்களால் பயிற்சி பெற்ற மாதிரி, திரையில் டூலிப்களை மலரச் செய்தது. பிட்காயின் விலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப இதழ்களின் கோடுகள் மாறின. 17ஆம் நூற்றாண்டின் டூலிப் மோகத்தில் பெரும் விலை போன கோடுகள் ஒரு வைரஸ் நோயால் வந்தவை என்பது தெரிந்தால் இந்தப் படைப்பின் ஆழம் புரியும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஏஐ படம்தான். ஆனால் அடிமட்டம் வரை தோண்டினாலும் அதே ஆளின் கையெழுத்து கிடைக்கிறது. அந்தத் தொகுப்பைத் தனிப் படைப்பாகவே அவர் காட்சிக்கு வைத்தார்; பதினாயிரம் படங்கள் சுவரை நிறைத்து நிற்கும்.

ஆகவே என் கணக்கில், அசல் என்பது படத்தின் முகத்தில் இல்லை. படத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை உண்மையா என்பதில் இருக்கிறது. யாருடைய தரவு, யாருடைய நிரல், யார் தேர்ந்தெடுத்தார், எத்தனையை ஒதுக்கினார், எதற்காக நிறுத்தினார். இதையெல்லாம் மறைக்காமல் சொன்ன படைப்பு, சாதாரணக் கருவியால் செய்ததாக இருந்தாலும் அசல். புகைப்படப் போட்டிகளில் 2023இல் நடந்ததும் இதையே காட்டியது. போரிஸ் எல்டாக்சென் என்ற கலைஞர் ஏஐ படம் ஒன்றை சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பி, பிரிவில் வென்று, பிறகு விருதை மறுத்தார். படம் மாறவில்லை, எப்படி வந்தது என்று வெளியே சொன்னதும் பார்ப்பவர் கண் மாறியது.

வாங்குபவர் கைக்கு என்ன வருகிறது

பதிப்புரிமையை வைத்து இதைத் தீர்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில், மனித ஆசிரியர் இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று தன் ஏஐ தானே செய்த படத்துக்குப் பதிப்புரிமை கேட்ட ஸ்டீபன் தாலரின் வழக்கில் 2023 ஆகஸ்டிலும், மேல்முறையீட்டில் 2025 மார்ச்சிலும் தீர்ப்பானது. ஏஐக்குக் கொடுத்த கட்டளையைக் குறைந்தது 624 முறை திருத்தித் திருத்தி எழுதியதாகச் சொன்ன ஜேசன் ஆலனின் படத்துக்கும் பதிவு மறுக்கப்பட்டது. ஆனால் ஓவியம் வாங்குபவர் எப்போதும் பொருளைத்தான் வாங்குகிறார். பதிப்புரிமை வேறு விஷயம். இந்தத் தீர்ப்புகளால் சேகரிப்பாளருக்கு வரும் பாதிப்பு ஒன்றுதான்: படத்தை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுவிடலாம். அப்படியானால் மதிப்பு முழுவதும் சான்றிதழிலும், பதிப்பு எண்ணிலும், கைமாறிய வரலாற்றிலும் போய் உட்காருகிறது. பெலாமி போன்ற படத்துக்கு அந்தத் தாள்கள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

பெலாமிக்கு அடுத்த ஆண்டு, 2019 மார்ச்சில், ஏஐ கலைஞர் மரியோ கிளிங்கெமனின் படைப்பு ஒன்று சோதபீஸில் விற்பனைக்கு வந்தது. மரப்பெட்டிக்குள் ஒரு கணினி, இரண்டு திரைகள். முகங்கள் தோன்றிக்கொண்டே இருக்கும், ஒன்று மறைந்து இன்னொன்று, எதுவும் சேமிக்கப்படாது. போன விலை 40,000 பவுண்டு, மதிப்பீட்டுக்கு உள்ளேயே. பெலாமியைவிடப் பல மடங்கு குறைவு. எனக்குப் பெலாமியைவிடப் பல மடங்கு மேலான படைப்பு. மாதிரியையும் அவரே உருவாக்கி, எந்த முகம் வரும் என்பதை மட்டும் விட்டுக்கொடுத்தார். ஆனால் இப்படிப்பட்டதை வாங்குபவர் ஒரு பொறுப்பையும் வாங்குகிறார். பெட்டிக்குள் இருக்கும் கணினி கெட்டால் என்ன செய்வது? உதிரிபாகம் மாற்றலாமா? மாற்றினால் அதே படைப்பா? கேன்வாஸ் வாங்குபவருக்கு ஈரமும் வெயிலும்தான் எதிரி. இங்கே காலாவதியாகும் மென்பொருளும் எதிரி. விற்கும்போதே கலைஞரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை இவை.

அருங்காட்சியகங்களும் இந்தப் பாதையில் வந்துவிட்டன. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தன் சொந்தச் சேகரிப்பின் தரவால் கலைஞர் ரெஃபிக் அனடோல் செய்த படைப்பை 2022இல் காட்சிக்கு வைத்து, 2023இல் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. தரவு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே பதில் வாசலிலேயே கிடைத்தது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2025 தொடக்கத்தில் கிறிஸ்டீஸ் ஏஐ கலைக்கென்றே தனி ஏலம் அறிவித்தபோது, அதை நிறுத்தச் சொல்லி ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரு திறந்த கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். அனுமதி இல்லாமல் கலைஞர்களின் படைப்புகளில் பயிற்சி பெற்ற மாதிரிகள் இதில் இருக்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஏலம் நடந்தது, சுமார் 7,28,000 டாலர் வந்தது. ஏலத்தில் இருந்த எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தது அந்தக் கடிதத்தின் குறை. சொந்தத் தரவில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் கடிதம் கேட்ட கேள்வி நியாயமானது, ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டியது.

தீர்ப்பு

பெலாமி சேகரிக்கத் தக்கதா? ஆம். ஒரு காலம் திரும்பிய முனையில் நிற்கும் பொருள் அது. முகம் கலங்கியிருப்பதே அந்த ஆண்டின் தொழில்நுட்பத்தின் தடயம். இன்றைய மாதிரிகளிடம் அந்தக் கலங்கலைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அசலா? பொருள் அசல், போலி இல்லை, பதினொன்றில் ஒன்று, ஒரே பிரதி. அதோடு சேர்த்து விற்ற கதை அசல் இல்லை. விலையில் பெரும்பங்கு அந்தக் கதைக்குக் கொடுத்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேன்வாஸின் முன்பக்கச் சூத்திரத்தை இனி யாரும் தொட வேண்டியதில்லை. பின்பக்கம் காலியாக இருந்தால், இப்படி எழுதி ஒட்டச் சொல்வேன்:

எட்மண்ட் தெ பெலாமி. 2018, பாரிஸ். 14 முதல் 20ஆம் நூற்றாண்டு வரை பலர் வரைந்த சுமார் 15,000 உருவப்படங்களிலிருந்து. முறை: இயன் குட்ஃபெல்லோ, 2014. நிரல்: ராபி பாராட், அதற்கு அடிப்படை, சௌமித் சிந்தாலா. தேர்ந்தெடுத்து, பெயரிட்டு, அச்சிட்டவர்கள்: ஹியூகோ காஸெல்-துப்ரே, பியர் ஃபோத்ரெல், கோத்தியே வெர்னியே. முன்பக்கச் சூத்திரம் கையால் எழுதியது.